அச்சு செய்த முள்ளெலி

ரப்பர் பட்டறையில் பதினேழு வருஷம் நான் பாக்கெட் போட்டேன். என் மேஜைக்கு எதிரே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒருத்தி உட்கார்ந்து இரும்புக் கட்டைகளில் குழி வெட்டிக்கொண்டிருப்பாள். ரப்பர் வார்க்கிற அச்சு செய்கிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அச்சு. பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் வேலையைப் பார்ப்பாள்.

குக்கர் மூடிக்குள் போகிற வளையம், குழாய்க்குள் போகிற வாஷர், மருந்து பாட்டில் மூடிக்குள் ஒட்டுகிற வில்லை, இவைதான் எங்கள் சரக்கு. எல்லாம் உள்ளே போய் மறைகிற சாமான்கள். "நாம ஒழுங்கா செஞ்சா ஒருத்தர் கண்ணுலயும் படாது. கசிஞ்சாத்தான் நம்மளை நினைப்பாங்க, அதுவும் திட்டுறதுக்கு" என்பாள் அச்சு. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அதற்குள் எவ்வளவு ஏக்கம் இருந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவளும் அவள் அக்காவும் என் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அச்சு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அக்கா செய்துகொண்டு பதினோரு மாதத்தில் திரும்பி வந்தவள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், அதனால் எனக்கும் அக்காதான். எப்போது பார்த்தாலும் தலையில் இறுக்கமாக ஒரு துணி கட்டியிருப்பாள். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடிப்போனேன். தலையில் துணி இல்லை. உச்சியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. சுற்றிலும் இருந்ததும் திட்டுத்திட்டாக, சில இடங்களில் புண்ணாக.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"முதல்ல என்னைத் தூக்குடி. அப்புறம் நிதானமா அதிர்ச்சி அடையலாம்" என்றாள் அக்கா.

தூக்கி உட்காரவைத்ததும் அவளே சொன்னாள். பதினாலு வயதில் ஆரம்பித்ததாம். ஒவ்வொரு முடியாகத் தேடிப் பிடித்துப் பிடுங்குவது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை மேலே போய்விடும். அம்மா கையுறை மாட்டிப் பார்த்தாள், கசப்பு எண்ணெய் தடவிப் பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரை தூங்கவைத்தது. தூக்கத்திலும் கை நிற்கவில்லை. புகுந்த வீட்டில் மாமியார் ஒருநாள் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். அன்று சாயங்காலமே பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

அக்காவுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு அடுப்பு கம்பெனிக்காகப் புகார் போன்களை எடுத்துப் பேசுவாள். வலது கையில் போன். எதிர்முனையில் யாராவது கத்த ஆரம்பித்தால் இடது கை தலைக்குப் போகும். சாயங்காலம் அச்சு வீடு திரும்பும்போது நாற்காலிக்குக் கீழே தரையில் முடி கிடக்கும். அச்சு கூட்டி அள்ளுவாள். இருபது வருஷமாக அப்படித்தான்.

பின்னால் முள்ளெலியான பொம்மை இங்கேதான் பிறந்தது. அச்சிலிருந்து வளையத்தை எடுக்கும்போது ஓரத்தில் மெல்லியதாகப் பிசிறு நிற்கும். அதை வெட்டிக் குப்பையில் போடுவோம். ஒருநாள் அச்சுவின் பையில் கொஞ்சம் பிசிறு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது. அக்கா அதை எடுத்து விரலில் சுற்றி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே ஒரு புகாரை முழுசாகக் கேட்டு முடித்தாள். கை தலைக்குப் போகவில்லை. அச்சு வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் அச்சு சாப்பிடவே இல்லை. மிச்சமிருந்த சிலிக்கோன் ரப்பரில் விரல் நீளத்துக்கு இழைகள் வார்த்து எடுத்துக்கொண்டு போனாள். அக்கா இழுத்துப் பார்த்தாள்.

"இது சொன்ன பேச்சு கேக்குதுடி. முடி அப்படிக் கேக்காது. கொஞ்சம் எதிர்த்து நிக்கணும்."

அடுத்த தடவை கெட்டியாக வார்த்தாள். "இது சண்டைக்கு வருது. விரல் வலிக்குது" என்றாள் அக்கா. மூன்றாவது தடவை சரியான பதம். ஆனாலும் அரை மணி நேரத்தில் இழையைக் கீழே வைத்துவிட்டுக் கை மேலே போய்விட்டது. ஏன் என்று கேட்டதற்கு அக்கா ரொம்ப நேரம் யோசித்தாள். முப்பது வருஷத்துக்கு மேலாகச் செய்கிற காரியத்தை அவளே முதல்முதலாகக் கவனித்துப் பார்த்தாள்.

"முடி வரும்போது ஒரு 'டிக்' இருக்கு. காதுக்குக் கேக்காது. வேர்ல தெரியும். அந்த டிக்குக்காகத்தான் எல்லாம். அது இல்லாம சும்மா இழுத்துக்கிட்டே இருந்தா, தும்மல் வந்து வராமப் போன மாதிரி இருக்கு."

அந்த டிக்கைச் செய்ய அச்சுவுக்கு நான்கு மாதம் ஆனது. உள்ளங்கையில் அடங்குகிற முட்டை வடிவ மேடு, உள்ளே வெற்றிடம், அடிப்பக்கம் திறப்பு. மேலே இருபத்துநான்கு துளை. ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு இழை. இழையின் நடுவில் கடுகளவு ஒரு குமிழ். இழுத்தால் இழை நீண்டுகொண்டே வரும், எதிர்க்கும், பிறகு குமிழ் துளையைத் தாண்டும்போது டிக். விட்டால் மெதுவாக உள்ளே போய்விடும். அடியில் பட்டாணி அளவுக்கு இன்னொரு குமிழ் இருந்தது. அது துளைக்குள் நுழையாது, அதனால் இழை கழன்று வராது. குமிழ்கள் இழையோடு ஒன்றாக வார்த்தவை, ஒட்டவைத்தவை கிடையாது. அதில் அச்சு பிடிவாதமாக இருந்தாள்.

அக்கா முதல் இழையை இழுத்தாள். டிக். அவள் முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இது போதும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேரு வைக்கணும்ல? மாமியார் தலைன்னு வை. ஆசை தீர இழுக்கலாம்" என்றாள். அன்று நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஏழெட்டு மாதத்தில் அக்காவின் தலையில் விரல் நீளத்துக்கு முடி வந்துவிட்டது. ஒருநாள் துணி கட்டாமல் மொட்டைமாடிக்கு வந்து என் பக்கத்தில் துணி காயப்போட்டாள். காற்று அடித்தது. "தலையில காத்து படுறது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். நான் ஈரத்துணியை உதறினேன்.

முதலாளி அதைப் பார்த்தது தற்செயலாக. அச்சு இரண்டாவதாக ஒன்று செய்து தன் மேஜையில் வைத்திருந்தாள். ஏதோ பேச வந்தவர் அதைக் கையில் எடுத்தார், பத்து நிமிஷம் கீழே வைக்கவில்லை. அந்த மாதமே தயாரிப்பு ஆரம்பமானது. வேலை நெருக்கடியில் இருப்பவர்கள், சிகரெட்டை விட நினைப்பவர்கள், நகம் கடிப்பவர்கள் என்று எல்லோருக்கும். 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று டப்பாவில் அச்சடிக்கச் சொன்னாள் அச்சு. முதலாளியும் சரி என்றார். கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் அதை முதல்முதலாகப் பார்த்த அன்று அச்சு என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். நாற்பத்தாறு வயதுப் பெண், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள். "பாரு, வெளியில இருக்கு" என்றாள். அவள் கையால் செய்த ஒன்று வெளியில் தெரிவது அதுதான் முதல் தடவை.

விற்பனை ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். வாயில் எப்போதும் பல்குச்சி வைத்திருப்பார், அதனால் நாங்கள் அவரைப் பல்குச்சி என்போம். அவர்தான் வந்து சொன்னார். "இதுக்கு ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு வெச்சா முள்ளெலி. பசங்க விடமாட்டாங்க."

"சின்னப் பசங்களுக்கு இது வேணாம் சார்" என்றாள் அச்சு.

"ஏம்மா, இழுத்தா வந்துருமா?" என்றார் முதலாளி.

"இந்தச் சரக்குல வராது."

"அப்ப என்ன?"

உண்மையிலேயே அது வராதுதான். ஸ்பிரிங் தராசில் கொக்கி மாட்டி அவள் இழுத்துப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். பத்து கிலோ வரைக்கும் தாங்கியது. எங்கள் சோதனைத் தாளில் ஒன்பது கிலோ தாங்கினால் போதும் என்று இருந்தது. அவள் அச்சில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் வெட்டினாள். அழகாகவே வெட்டினாள். அந்த முள்ளெலியைப் பார்த்தால் யாருக்கும் கையில் எடுக்கத் தோன்றும்.

கேட்டு வந்த கடைகள் பெருகின. அப்போதுதான் முதலாளி சரக்கை மாற்றினார். சிலிக்கோனில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்தார்கள். நிறம் அதேதான், பளபளப்பும் அதேதான். அச்சு வழக்கம்போல ஒன்றை எடுத்துத் தராசில் மாட்டினாள். நான்கு கிலோவில் இழை அடிக்குமிழுக்கு மேலே, கழுத்தில் அறுந்தது. இன்னொன்று, நாலே கால். இன்னொன்று, மூன்றே முக்கால். அவள் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். வெட்டும் அளவு, சூட்டின் அளவு எல்லாம் அதில்தான் எழுதுவாள். மூன்றையும் அதில் எழுதிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. எனக்குக் கேட்டது.

"சார், கழுத்துல அறுந்துடுது. இந்தக் கலவை வேணாம்."

"யாரும்மா நாலு கிலோ பலத்துல இழுக்கப்போறா? குழந்தையா?"

"கடிச்சு இழுத்தா..."

"கடிக்கிற வயசுப் பிள்ளைக்கு யாரு கொடுப்பா? சரி, நிறுத்திடலாம். மொத்தத்தையும் நிறுத்திடலாம். பழைய சரக்குல செஞ்சா கட்டுப்படியாகாது. நீ வாஷருக்கே திரும்பிப் போயிடு. என்ன சொல்ற?"

அச்சு வெளியே வந்தாள். மேஜையில் உட்கார்ந்து சோதனைத் தாளை எடுத்தாள். ஒன்பதரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் எழுதுவதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் பல்குச்சி ஒரு சுருள் ஸ்டிக்கர் கொண்டுவந்தார். 'மூன்று வயதுக்கு மேல்' என்று வண்ண வண்ணமாக. 'பெரியவர்களுக்கு மட்டும்' என்பதன் மேலேயே அதை ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். நாளுக்கு அறுநூறு டப்பா. பிறகு என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த டப்பாக்களில் ஒன்று போன வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும். பெண் குழந்தை. அவள் அண்ணனுக்கு வாங்கிய பொம்மை. இழையைப் பல்லில் கடித்து இழுத்திருக்கிறாள். கழுத்தில் அறுந்ததும் அடிக்குமிழ் பொம்மையின் அடித்திறப்பு வழியாகத் தனியாக விழுந்திருக்கிறது. அவள் வாயில் போட, அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் முடிந்துவிட்டது.

அதிகாரி ஒருவர் பட்டறைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் இருபத்துமூன்று இழையோடு ஒரு முள்ளெலி. "இது உங்களுதா?" என்று கேட்டார். முதலாளி முந்திக்கொண்டு, "இதே மாதிரி போலி நிறைய வருது சார்" என்றார்.

"எங்களுதுதான்" என்றாள் அச்சு. "அந்த மூக்கு என் வெட்டு."

விசாரணையில் முதலாளி சொன்னது ஒன்றே ஒன்று: சோதனை செய்தது அவள், கையெழுத்துப் போட்டது அவள், நான் நம்பினேன். தாள் அவர் பக்கம் பேசியது. அச்சுவுக்காக வந்த வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். நோட்டை வெளியே எடுத்தால் முதலாளி மாட்டுவார், ஆனால் தெரிந்தே கையெழுத்துப் போட்டாள் என்று அச்சுவும் மாட்டுவாள். எடுக்காவிட்டால் தராசு பழசு, தப்பாகக் காட்டியது என்று சொல்லித் தப்பிக்கலாம்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் நானும் இருந்தேன். நோட்டு சாப்பாட்டு மேஜையில் கிடந்தது.

"கொடுத்தா உள்ள போவ" என்றாள் அக்கா.

"ஆமா."

"கொடுக்கலேன்னா?"

"தராசு பழசுன்னு சொல்லணும்."

அக்கா அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தராசு பழசா?"

"அதுக்கு முந்தின வாரம்தான் எடைக்கல் வெச்சு சரிபாத்தேன்."

"அப்ப என்னைக் கேக்காத."

அக்கா எழுந்து உள்ளே போனாள். தன்னிடமிருந்த முதல் பொம்மையை எடுத்து வந்தாள். இரண்டு வருஷம் தினமும் இழுத்தும் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. அதைக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடினாள். "அக்கா, அது நல்ல சரக்கு, அது ஒண்ணும் பண்ணாது" என்று அச்சு எழுந்து போனாள். "என் கை அரிப்புக்குச் செஞ்சதுடி இது. இனிமே எப்படித் தொடுவேன்?" என்றாள் அக்கா. அச்சு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளை எழுப்பப் போகவில்லை. போய் என்ன சொல்வது?

மறுநாள் காலையில் நோட்டைக் கொடுத்தாள்.

தீர்ப்பு அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சில் அச்சு, அக்கா, நான். அக்கா தலையில் மறுபடியும் துணி. உள்ளே என்ன இருந்தது, என்ன இல்லை என்று எங்களுக்குத் தெரியும். குழந்தையின் அம்மா வந்து எங்கள் எதிரே நின்றாள். முப்பது வயது இருக்கும். கத்துவாள், அடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"நீங்கதானே அது செஞ்சது?"

அச்சு எழுந்து நின்றாள். "ஆமாம்மா."

"அவ இழுத்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். டிக்குன்னு கேட்டுச்சு. சிரிச்சா. மறுபடி இழுத்தா. நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்." அச்சுவின் கைகளைப் பார்த்தாள். "அது எதுக்கு செஞ்சீங்க? எதுக்குன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

அக்காவின் கை தலைத்துணியின் முடிச்சுக்குப் போனது. அவிழ்த்துக் காட்டிவிட நினைத்தாள். வாழ்நாளில் யாருக்கும் தானாகக் காட்டாதவள். அச்சு சட்டென்று அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"ஒருத்தருக்குக் கை சும்மா இருக்கணும்னு செஞ்சேன். அது நல்லா வந்துச்சு. அப்புறம் கடையில இருக்கணும்னு ஆசைப்பட்டேன். அறுந்துடும்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன்."

அந்த அம்மா தலையை ஆட்டினாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது என்பதுபோலத் திரும்பி நடந்தாள். பத்தடி போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் ஓடிவந்து தூக்கினான்.

அச்சு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள், "ஏன்டி பிடிச்ச?"

"உன் தலையைக் காட்டினா அவங்க என் மேல பரிதாபப்படணும். அவங்ககிட்ட அதையும் கேக்கணுமா?"

முதலாளிக்கு இரண்டு வருஷம், அச்சுவுக்கு ஒன்பது மாதம். முதலாளி மேல்முறையீடு செய்து வெளியே வந்தார், வழக்கு இன்னும் நடக்கிறது. பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். பல்குச்சி வேறு ஏதோ சாமான் விற்கப் போய்விட்டார். அச்சு மேல்முறையீடு செய்யவில்லை. உள்ளே போய் ஒன்பது மாதமும் இருந்துவிட்டு வந்தாள்.

அந்த ஒன்பது மாதம் நான் அக்காவுக்குத் துணையாக இருந்தேன். போன் வேலையை விட்டுவிட்டாள். யாராவது கத்தினால் தாங்க முடியவில்லை என்றாள். தலையில் முடி இருந்த இடங்களும் போயின, அப்புறம் புருவம். சாயங்காலம் நான் இறங்கிப்போய்க் கூட்டி அள்ளுவேன். "இப்ப உனக்கு அந்த வேலையா?" என்பாள். ஒருதடவை கேட்டேன், "அக்கா, வேற ஏதாவது, ஒரு கயிறு, ஒரு துணி, எதையாவது கையில வெச்சுக்கலாம்ல?" அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது வலிக்குது. வலிக்கட்டும்" என்றாள்.

அச்சு இப்போது ஒரு சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். காலையில் போய்ச் சாயங்காலம் வருவாள். வந்ததும் அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தலைப்புண்ணில் மருந்து தடவுவாள். இருவரும் அதிகம் பேசுவதில்லை. சண்டை என்று கிடையாது. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளும் என்று இருவருக்கும் தெரியும். இப்போதும் அக்கா சில நேரம் கிண்டல் செய்வாள். மருந்துக் குழாயை அச்சு அடிவரை பிதுக்கினால், "பல்லு தேய்ச்சு மீதி இருந்தா தலைக்குத் தடவு" என்பாள். அச்சு சிரிப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தபோது ஒருவர் வந்து கதவைத் தட்டினார். நன்றாக உடுத்திய ஆள், கையில் தோல் பை. ஒரு பெரிய பொம்மை கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்னார். பழைய விஷயமெல்லாம் தெரியும், தப்பு சரக்கில்தான், வடிவத்தில் இல்லை என்று அவர்களுடைய ஆட்களே சொல்லிவிட்டார்களாம். நல்ல சரக்கில், எல்லாப் பரிசோதனையும் செய்து, மறுபடி கொண்டுவர வேண்டுமாம். "எத்தனையோ பேருக்கு உபயோகமா இருக்கும்மா. அந்த அச்சோட வரைபடம் மட்டும் வேணும். உங்க பேரையே போடுறோம்" என்றார்.

அச்சு கதவைப் பிடித்தபடி நின்றாள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

"வரைபடம் இல்லைங்க. எரிச்சிட்டேன்" என்றாள்.

"ஞாபகத்துல இருக்குமே?"

"இல்லைங்க."

அவர் தன் பெயரும் நம்பரும் அச்சடித்த சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அச்சு கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

உள்ளே ஜன்னலோரத்திலிருந்து அக்கா கேட்டாள், "யாருடி?"

"வழி கேட்டாங்கக்கா" என்றாள் அச்சு. மருந்துக் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே அவள் பக்கம் போனாள்.